எல்லைக்கல்லைப் பார்த்து வெட்டுப்புள்ளியா?

கண்டியிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குப் போகும் வீதி பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளாகவே செல்கிறது. தெல்தோட்டைக்கு அப்பால் இருக்கிறது லூல்கந்துர தோட்டம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, இலங்கையின் தேயிலை வணிகத்தைத் தொடக்கி வைத்தது அங்கேதான். அதே மலைகளில் இன்னும் சற்றுத் தூரம் போனால் மாவட்ட எல்லை வந்துவிடும். இந்தப் பக்கம் கண்டி மாவட்டம். அந்தப் பக்கம் ஹேவாஹெட்டையும் ரிக்கில்லகஸ்கடவும் அடங்கிய நுவரெலியா மாவட்டம். இரு பக்கத்திலும் ஒரே கொழுந்து, ஒரே லயம், ஒரே நாட்சம்பளம். ஆனால் உயர்தரப் பரீட்சையில் ஒரே இசட் புள்ளி எடுத்த இரண்டு பிள்ளைகளில் அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு மருத்துவ பீடமோ பொறியியல் பீடமோ கிடைத்து, இந்தப் பக்கத்துப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகலாம். இந்த வேறுபாட்டுக்கு நியாயம் சொல்ல யாராலும் முடியாது என்பதே என் கருத்து.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விதி இது: பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடங்கள் முழுத்தீவுத் திறமை அடிப்படையில் நிரப்பப்படும். 55 சதவீதம் வரையிலான இடங்கள் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பங்கிடப்படும். எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை எனப் பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கு உரியது. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கண்டி இல்லை, மாத்தளையும் கேகாலையும்கூட இல்லை. மாணவர் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பொதுவாக, பரீட்சைக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அவர் படித்த பாடசாலை எங்கே இருக்கிறது என்பது தீர்மானிக்கிறது. நம் அரச பல்கலைக்கழகங்களில் உள்நாட்டு மாணவர்க்குப் படிப்புக் கட்டணம் கிடையாது. மேற்கு நாடுகள் பலவற்றில் வதிவிட விதி ஒரு மாணவர் எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இங்கே இடமே உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த விதியில் ஒரு பிசகு இருந்தால் அதன் விலை இங்கேதான் அதிகம்.

மாவட்டக் கோட்டா என்றதும் தமிழ் வாசகர் பலருக்கு முகம் சுளிக்கும். காரணம் இருக்கிறது. 1971 அனுமதியில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவர்க்கு 227 புள்ளி போதுமாக இருக்க, தமிழ் மொழிமூல மாணவர்க்கு 250 தேவைப்பட்டது. 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. யாழ்ப்பாணத்து இளைஞர் கொதித்ததன் நியாயத்தை இன்று மறுப்போர் குறைவு. ஆனால் அந்த வரலாறு பெரும்பாலும் வடக்கின் கண்ணால் எழுதப்பட்டது. வசதியற்ற பாடசாலையில் படித்த பிள்ளையையும் வசதியான பாடசாலையில் படித்த பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிடக் கூடாது என்ற எண்ணம் தன்னளவில் தவறானதல்ல. மலையகத்துக்கு அது தேவையானதும்கூட. கோளாறு அளவுகோலில் இருக்கிறது. பின்தங்கிய நிலையை அளக்க மாவட்டம் மிகப் பெரிய அலகு.

கண்டியைப் போல இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. நகருக்குள் தர்மராஜ, கிங்ஸ்வூட், மஹாமாயா, மகளிர் உயர் பாடசாலை என நாட்டின் முன்னணிப் பாடசாலைகள் இருக்கின்றன. ஆய்வுகூடம், அனுபவமுள்ள விஞ்ஞான ஆசிரியர்கள், மாலையில் டியூஷன், நூலகம் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில். கண்டியின் வெட்டுப்புள்ளி உயர்ந்து நிற்பது இவர்களால். அதே மாவட்டத்தில் கலஹா, தெல்தோட்டை, புப்புரஸ்ஸ, பன்விலை, மடுல்கலை, நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் பல, உயர்தர வகுப்பே இல்லாத இரண்டாம், மூன்றாம் வகைப் பாடசாலைகள். உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் 1ஏபி தரப் பாடசாலையில்தான் உண்டு. தமிழ் மொழிமூலத்தில் அப்படிப்பட்டவை தோட்டப் பகுதிகளில் மிகச் சில. பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத இடத்திலிருந்து வரும் பிள்ளையின் புள்ளியை, கண்டி நகரம் உயர்த்தி வைத்த கோட்டில் நிறுத்தி அளக்கிறோம். 2012 கணக்கெடுப்பில் நுவரெலியா மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்ட தோட்டத் தமிழர். அங்கே மாவட்டத்தின் நிலையும் தோட்டத்தின் நிலையும் ஏறத்தாழ ஒன்று. கண்டியில் அதே கணக்கெடுப்பில் அப்படிப் பதியப்பட்டோர் ஏறத்தாழ 6 சதவீதம். மாவட்டச் சராசரிக்குள் அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாவட்டக் கோட்டா சனத்தொகையைக் கொண்டு பங்கிடப்படுகிறது. கண்டிக்குக் கிடைக்கும் இடங்களின் எண்ணிக்கையில் தோட்டத்துத் தலைகளும் சேர்ந்துதான் இருக்கின்றன. அந்த இடங்களைப் பெறும் பட்டியலில் அவர்கள் பிள்ளைகள் அரிது. இது மலையகத்துக்குப் பழகிப்போன கணக்கு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின்னர் வாக்குரிமை இழந்த அதே மக்கள், தேர்தல் தொகுதிகளைப் பிரித்தபோது சனத்தொகையாக எண்ணப்பட்டார்கள். எண்ணிக்கைக்கு அவர்கள், பலனுக்கு வேறு யாரோ. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தபோது, விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு எந்த நாட்டவர் என்ற பதில் வராமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் கண்டியைச் சுற்றியும் இருந்தன. அந்தக் கணக்கு முழுதாகத் தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. இலவசக் கல்வி 1945இல் வந்தது என்று பெருமையோடு சொல்கிறோம். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். இன்றைய தோட்டப் பாடசாலையின் வறுமைக்கு இந்த முப்பதாண்டுத் தாமதம் ஒரு நேரடிக் காரணம்.

வதிவிட விதி எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் அகதிக் கோரிக்கைக்கு முடிவு கிடைக்காத மாணவர், அங்கேயே பள்ளிப் படிப்பை முடித்திருந்தாலும், பொதுவாக வெளிநாட்டு மாணவராகவே கட்டணம் கேட்கப்படுகிறார். புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிய செய்தியல்ல. 2015இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் இதை ஒட்டிய ஒரு வழக்கை விசாரித்தது. ஆறு வயதில் ஸாம்பியாவிலிருந்து வந்து பள்ளிப் படிப்பு முழுவதையும் இங்கிலாந்தில் முடித்த ஒரு மாணவிக்கு, நிரந்தர வதிவிட உரிமை இல்லை என்று கல்விக்கடன் மறுக்கப்பட்டிருந்தது. அரசு ஒரு கோடு போடுவதை நீதிமன்றம் தடுக்கவில்லை. ஆனால் விதியின் நோக்கத்துக்கு அந்தக் கோடு இன்னும் நெருக்கமாகப் பொருந்தியிருக்க வேண்டும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். நம் மாவட்ட எல்லையையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். வசதி குறைந்த பள்ளியில் படித்தவருக்குக் கைகொடுப்பது நோக்கமானால், எந்த மாவட்டம் என்று கேட்பதைவிட எந்தப் பள்ளி என்று கேட்பதே பொருத்தம்.

அப்படிக் கேட்டு நடைமுறைப்படுத்திய இடம் பாக்கு நீரிணைக்கு அப்பால் இருக்கிறது. 2020இல் தமிழ்நாடு, மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடங்களை ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. அதற்கு முந்தைய ஆண்டு அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவம் சென்றோர் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே முன்னூறுக்கு மேல். அடுத்த ஆண்டு பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. தமிழ்நாட்டு அரசியலில் நாம் பின்பற்றக்கூடாதவை நிறைய உண்டு. இது அவற்றுள் ஒன்றல்ல.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் முதலாவது, திறமை அடிபடும் என்பது. 60 சதவீத இடங்களைத் திறமைப் பட்டியலுக்கு வெளியே நிரப்பும் முறையை நாடு ஏற்றுப் பல பதிற்றாண்டுகள் ஆகின்றன. அந்த 60 சதவீதம் உரியவரைச் சேர்கிறதா என்பதுதான் இப்போது கேள்வி. 40 சதவீதத்தில் யாரும் கைவைக்கச் சொல்லவில்லை. கண்டி நகர மாணவர் சிலர் தமக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடத்தை இழப்பார்கள் என்பது உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. இரண்டாவது மறுப்பு கூர்மையானது: இது வேறு பெயரில் வரும் இன ஒதுக்கீடு, 1971இன் காயத்தை மீண்டும் கிளறும் என்பது. பாடசாலை வகையை அடிப்படையாக வைத்தால் இதற்கு இடமில்லை. உடுதும்பறை, மினிப்பே பக்கத்துச் சிங்களக் கிராமப் பாடசாலையும் நகரிலிருந்து தொலைவிலுள்ள முஸ்லிம் பாடசாலையும் இதே சலுகைக்குள் வரும். சொல்லப்போனால், கண்டி மாவட்டத்தில் எண்ணிக்கையில் அதிகம் பயனடைவோர் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளாக இருக்கக்கூடும். அதனால் தோட்டத்துப் பிள்ளைக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

மூன்றாவது மறுப்பு மோசடி பற்றியது. குறைந்த வெட்டுப்புள்ளிக்காக வெளிமாவட்ட மாணவர் மலையகப் பாடசாலைகளில் பெயரைப் பதிந்து பரீட்சை எழுதுவது நெடுநாள் முறைப்பாடு. இந்த ஓட்டையைத் திறந்துவைத்திருப்பது இன்றைய மாவட்ட விதி. மூன்று ஆண்டுப் பதிவைக் காட்டுவது எளிது. ஆறாம் தரத்திலிருந்து தொடர்ச்சியான வரவுப் பதிவைக் காட்டச் சொன்னால் கடினம். எந்தப் பெற்றோரும் பீடக் கனவுக்காகப் பதினொரு வயதிலேயே பிள்ளையை ஆசிரியரில்லாத தோட்டப் பாடசாலைக்கு அனுப்பமாட்டார். நான்காவதாக, முதலில் பாடசாலைகளைத் திருத்துங்கள், கோட்டா பிறகு பார்க்கலாம் என்பார்கள். திருத்தத்தான் வேண்டும். ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சையை ஒருவர் மூன்று தடவைதான் எழுதலாம். பௌதிகவியல் ஆசிரியர் நியமனம் வரும்வரை பதினெட்டு வயது காத்திருக்காது. தவிரவும், அந்த ஆசிரியர்கள் எங்கிருந்து வருவார்கள்? தெல்தோட்டையிலிருந்து பேராதனைக்குப் போய்ப் பட்டம் பெற்றவர்தான் தெல்தோட்டைக்குத் திரும்பிவந்து கற்பிக்க அதிகம் வாய்ப்புள்ளவர்.

ஆணைக்குழு உடனடியாகச் செய்யக்கூடியவை இரண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் அனுமதி பெறுவோர் எந்த வகைப் பாடசாலையிலிருந்து வந்தார்கள் என்ற விபரத்தை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கான 5 சதவீதத்தைத் தொடாமல், கண்டி, மாத்தளை, கேகாலை போன்ற மாவட்டங்களின் சொந்தக் கோட்டாவுக்குள்ளேயே ஒரு பங்கை, ஆறாம் தரத்திலிருந்து சாதாரண தரம் வரை இரண்டாம், மூன்றாம் வகைப் பாடசாலைகளில் படித்து வந்தவர்களுக்கு ஒதுக்க வேண்டும். கண்டி மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியினராயினும், இந்த இரண்டையும் எழுத்தில் கேட்க வேண்டும்.