திறந்த கதவும் கொடாத திறவுகோலும்

கைப்பேசியில் இன்று பெருவழக்குடைய நிரல்மொழிகள் எவை என்று வினவின், ஆண்டிராய்டுக் கருவிகளைப் பொறுத்தவரை சாவாவும் அதனோடு இயைந்தியங்கும் கோட்லினுமே என்பர் கணிப்பொறியாளர். ஏன் என்று மேலும் வினவின், அம்மொழிகளின் எளிமையைப் புகழ்வர். அவற்றின் மூலநிரல் யாவர்க்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளதே என்று பூரிப்பர். இரண்டும் அரையுண்மைகள். அம்மொழிகள் பரவியது பெருநிறுவனங்கள் பரப்ப விரும்பியதால். திறந்துவிட்டோம் என்று பறைசாற்றும் அந்நிறுவனங்கள் திறந்தது கதவை மட்டுமே. திறவுகோல் இன்றுவரை அவர்தம் மடியிலேயே உள்ளது.

சாவா 1995-இல் அமெரிக்கச் சன் நிறுவனம் வெளியிட்ட மொழி. (நம் எழுத்தில் எழுதுங்கால் 'சாவாதது' என்றும் பொருள்பட நிற்கும் பெயர்!) ஒருமுறை எழுதினால் எக்கருவியிலும் இயங்கும் என்பது அதன் முழக்கம். பழைய பொத்தான் கைப்பேசிகளில் அதனை ஏற்றுதற்குச் சன் உரிமத்தொகை பெற்றுவந்தது. 2006 நவம்பரில் சாவாவின் மூலநிரலைத் திறந்த உரிமத்தின்கீழ் வெளியிடுவதாக அறிவித்தபோது எங்கும் கைதட்டல்.

அதே வேளையில் அப்பாச்சி அறக்கட்டளை, 'ஆர்மனி' என்னும் பெயரில் சாவாவைத் தன் உழைப்பால் தனியே எழுதிக்கொண்டிருந்தது. அதுவும் சாவாவே என்று சான்று பெறவேண்டுமாயின், சன் வைத்திருந்த ஆய்வுத்தொகுதியில் தேறவேண்டும். அதற்கு உரிமம் கேட்டபோது சன் ஒரு தளையிட்டது: தேறிய நிரலைக் கைப்பேசி போன்ற கருவிகளில் இயக்கலாகாது! காசு விளையும் வயலுக்கு மட்டும் வேலி. 2007 ஏப்பிரலில் அப்பாச்சி வெளிப்படையாக மடல் எழுதி முறையிட்டது, பயனில்லை. 2010 திசம்பரில் சாவாவை நெறிப்படுத்தும் குழுவினின்று வெளியேறியது. மறு ஆண்டே ஆர்மனி கைவிடப்பட்டது.

கூகுள் வேறு வழியில் சென்றது. 2007-இல் அறிவித்த ஆண்டிராய்டில் சாவாவின் சொற்களை எடுத்துக்கொண்டது, அவற்றை இயக்கும் பொறியைத் தானே படைத்தது, சான்று கேட்கவேயில்லை. சன் நிறுவனத் தலைவரும் அன்று அதனை வெளிப்படையாக வாழ்த்தினார். ஆனால் 2010 சனவரியில் சன்னை ஆரக்கிள் விலைக்கு வாங்கியது; ஆகத்திலேயே கூகுள்மீது வழக்குத் தொடுத்தது.

வழக்கின் உள்ளீட்டைக் கூர்ந்து நோக்குக. 37 தொகுதிகளின் அறிவிப்பு வரிகள், ஏறத்தாழ 11,500. அவை செய்முறையல்ல, இன்ன வேலைக்கு இன்ன பெயர், இன்னவாறு அழைக்க என்னும் குறிப்புகள். செய்முறையைக் கூகுள் தனியே எழுதுவித்தது. பெயர்களை மாற்றாமல் வைத்ததன் கரணியம், நிரலாளர் பல்லாயிரவர் அவற்றை முன்னமே கற்றிருந்தமை. அப்பெயர்கள் எம் உடைமை என்றது ஆரக்கிள். ஒரு மொழியை உழைத்துக் கற்றவன் அதிற் பேசுதற்கு, அதனை விலைக்கு வாங்கியவன் இசைவு தரவேண்டுமாம்! இதனினும் நாணமற்ற உரிமைக் கூச்சல் உண்டோ? 2012-இல் வழக்குமன்றம் ஆரக்கிளின் கூற்றை மறுத்தது. 2014-இல் மேல்முறையீட்டு மன்றம் ஏற்றது. 2016-இல் கூகுள் வென்றது. 2018-இல் மீண்டும் தோற்றது. 2021 ஏப்பிரல் 5-ஆம் நாள் அமெரிக்கத் தலைமை வழக்குமன்றம், கூகுள் செய்தது முறையான பயன்பாடே என்று தீர்த்தது. அறுவர் ஒருபால், இருவர் மறுபால். எனினும் அச்சொற்களுக்குப் பதிப்புரிமை உண்டா என்னும் அடிப்படை வினாவை அம்மன்றம் தீர்க்காமலே விட்டது. அவ்வினா இன்றும் நிரலாளர் தலைமேல் தொங்குகின்றது.

இதனால் கூகுளை விடுதலை வீரன் என்று கொண்டாடுவார்க்கு ஒரு சொல். ஆண்டிராய்டின் அடிநிரல் திறந்தது. அதன்மேல் அமரும் செயலிக்கடையோ மூடியது. அக்கடையை வேண்டும் கைப்பேசியாளர், ஆண்டிராய்டினின்று திரிந்த பிற அமைப்புகளை விற்பதில்லை என்று கையொப்பமிட வேண்டியிருந்தது. 2012 செப்டம்பரில் அலிபாபாவின் அமைப்பைத் தாங்கிய கைப்பேசியை ஏசர் நிறுவனம் வெளியிடவிருந்த விழா இறுதி நேரத்தில் நின்றுபோயிற்று. கூகுளின் நெருக்குதலே கரணியம் என்றது அலிபாபா. ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய தளைகளுக்காக 2018-இல் 434 கோடி யூரோ ஒறுப்பு விதித்தது. 2022-இல் அது 412.5 கோடியாகக் குறைக்கப்பட்டதேயன்றி நீக்கப்படவில்லை.

மொழியின் பரவலும் இத்தகையோர் கையசைவே. கோட்லினைப் படைத்தது சேட்பிரெயின்சு நிறுவனம்; 2012-இலேயே மூலநிரலைத் திறந்துவிட்டது. ஆனால் 2017-இல் கூகுள் ஏற்பளித்து, 2019-இல் 'கோட்லினே முதன்மை' என்று அறிவித்த பின்னரே கைப்பேசி உலகில் அரியணை ஏறியது. ஓர் அறிவிப்பு, பல்லாண்டு சாவா கற்றவன் மீண்டும் பள்ளிக்குச் செல்கின்றான். (சாவா, கோட்லின் இரண்டும் தீவுகளின் பெயர்கள். ஒன்று குளம்பி வழியாக வந்தது. மற்றொன்று உருசியக் கடற்கரையினது. அத்தீவினரை எவர் கேட்டார்?) ஆப்பிளோ 2014-இல் தானே சுவிப்டு என்னும் மொழியைப் படைத்துத் தன் கைப்பேசிக்குத் தானே முடிசூட்டிற்று, மூலநிரலைத் திறந்தது மறு ஆண்டு இறுதியில்.

ஆகவே, 'மூலநிரல் திறந்துள்ளதா?' என்பதோடு நிரலாளர் அமைதல் கூடாது. பெயரின் வணிகக்குறி எவர் கையில்? சான்றளிப்பவர் யார்? அடுத்த பதிப்பில் எது சேரும், எது நீங்கும் என்று முடிவுசெய்யும் அறையில் அமர்ந்திருப்போர் யாவர்? இம்மூன்றையும் கேட்டே ஒரு மொழிக்குத் தம் வாழ்நாளை ஈடுவைத்தல் வேண்டும்.

2025 மார்ச்சில் கூகுள் மற்றுமோர் அறிவிப்புச் செய்தது: ஆண்டிராய்டை உருவாக்கும் வேலை முழுதும் இனி நிறுவனத்துக்குள்ளேயே நடக்கும், முடிந்தபின் மூலநிரல் வெளியிடப்படும். பட்டறையைப் பூட்டிக்கொண்டு, வடித்த பொருளை மட்டும் திண்ணையில் வைக்கின்றனர். அதற்கும் திறந்த மூலநிரல் என்றே பெயர்.