தங்கத் தரமும் தங்கவயலும்

மனச்சோர்வுச் சிகிச்சையின் பலனை அளக்கும் ஹாமில்டன் அளவுகோலை ஆய்வுலகம் நெடுங்காலமாகத் 'தங்கத் தரம்' என்று அழைத்து வந்துள்ளது. அந்தத் தங்கம் ஈயமாகிவிட்டதா என்று 2004இல் பேக்பியும் சக ஆய்வாளர்களும் கேட்டனர். தங்கம் வெட்டியே ஓய்ந்துபோன கோலார் தங்கவயலில், குறிப்பாக மைசூர் மைன்ஸ் குடியிருப்புகளில், அந்தக் கேள்விக்கு வேறொரு கனம் உண்டு.

மாக்ஸ் ஹாமில்டன் 1960இல் வெளியிட்ட இந்த அளவுகோலில் 17 கூறுகள். மொத்தம் 52 மதிப்பெண். தொடக்க மதிப்பெண் பாதியாகக் குறைந்தால் சிகிச்சைக்குப் பலன் கிட்டியது என்பர். 7 அல்லது அதற்குக் கீழ் இறங்கினால் நோய் தணிந்தது என்பர். உறக்கத்துக்கு மட்டும் மூன்று கூறுகள், ஆறு மதிப்பெண். நோயின் பெயருக்கே காரணமான சோர்ந்த மனநிலைக்கோ ஒரே கூறு, நான்கு மதிப்பெண்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபின், மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயில்தான் பலருக்குப் பிழைப்பு. பெங்களூருக்குப் போய்த் திரும்பவே நாளின் பெரும்பகுதி கழிகிறது. விடியுமுன் விழிப்பு வருவது அங்கே நோய்க்குறியா, ரயில் நேரமா? தேர்ந்த நேர்காணுநர் பிரித்தறிவார். படிவத்தை நிரப்பும் அவசரத்தில் அது பிரித்தறியப்படும் என்று யார் உறுதி சொல்ல முடியும்?

கணக்குக்காக ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கலாம்: வேலையிழந்த முன்னாள் சுரங்கத் தொழிலாளி, தொடக்க மதிப்பெண் 22. உறக்கம் வரவழைக்கும் மருந்தொன்று தரப்படுகிறது. உறக்கக் கூறுகள் 5இலிருந்து 1ஆகவும், மனப்பதற்றமும் உடற்பதற்றமும் தலா 3இலிருந்து 1ஆகவும், வயிற்று உபாதை 2இலிருந்து 0ஆகவும், உடல் அசதி 2இலிருந்து 1ஆகவும் குறைகின்றன. குறைந்தவை 11, மீதம் 11. சரிபாதி. ஆய்வறிக்கையில் அவர் 'பலன் பெற்றவர்'. ஆனால் சோர்ந்த மனநிலைக்கான 3, வேலையும் ஈடுபாடும் பற்றிய 3 ஆகியவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நன்றாக உறங்குவது சிறிய நன்மை அன்று. அதை மனச்சோர்வு நீங்கியதாகக் காட்டுவதே பிழை.

இவற்றினும் உறுத்துவது 'தன்னுணர்வு' என்னும் கூறு. தமக்குள்ளது மனச்சோர்வு நோய் என்று ஏற்பவருக்கு 0. உடல்நலமில்லை என்று ஒப்பி, உணவு, தட்பவெப்பம், மிகையான உழைப்பு முதலியவற்றைக் காரணமாகச் சொல்பவருக்கு 1. கற்பனைத் தொழிலாளியின் 22இல் எஞ்சிய ஒரு மதிப்பெண் இதுதான். ஆண்டுக்கணக்கில் பாறைத் தூசியைச் சுவாசித்து, சிலிகோசிஸ் நோயாளிகளுக்கு நடுவே வாழ்ந்தவர் 'உழைத்து உழைத்து உடம்பு போயிற்று' என்றால் அது வரலாறு. அளவுகோலோ அதை அறியாமை என்று கூட்டிக்கொள்கிறது. மூச்சுத் திணறலும் அசதியும் வேறு கூறுகளில் ஏறிவிடும். நுரையீரல் நோய்க்கு மனச்சோர்வு மருந்து என்ன செய்யும்? அந்த மதிப்பெண்கள் இறங்காதபோது சிகிச்சை தோற்றதாகவும் பதிவாகலாம்.

ஆகவே அளவுகோலே வேண்டாம் என்பது அவசர முடிவு. பெய்ஜிங்கில் 120 நோயாளிகளிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், மதிப்பெண் பார்த்து மருந்தைத் திருத்திய குழுவில் 73.8 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்தது. வழக்கமான முறையில் 28.8 விழுக்காட்டினருக்கே தணிந்தது. அளக்காவிட்டால், புறநோயாளர் பிரிவின் சில நிமிடப் பேச்சில் மருத்துவருக்குத் தோன்றுவதே தீர்ப்பாகிவிடும். கருவியை இடத்துக்கேற்ப மாற்றவும் வழியுண்டு: ஒன்பது வினாக்கள் கொண்ட பிஎச்க்யூ வினாநிரலைச் சென்னை ஆய்வாளர்கள் பன்னிரண்டாக விரித்துச் செல்லுபடி சோதித்து 2009இல் வெளியிட்டனர்.

ஆய்வேடுகளில் கூட்டுத்தொகை மட்டும் அச்சாவது முதலில் நிற்க வேண்டும். எந்தக் கூறு எவ்வளவு இறங்கியது என்ற அட்டவணைக்கு அரைப்பக்கம் போதும். சிகிச்சையின் முதல் நாளன்றே 'எது சரியானால் உங்களுக்குக் குணமானது என்பீர்கள்?' என்று கேட்டு, பதிலை அவர் சொன்ன தமிழிலேயே எழுதிவைத்து, எட்டாம் வாரம் அதையே திரும்பக் கேட்கலாம். தங்கவயலில் அந்தப் பதில் உறக்கமாக இருக்கலாம், மூச்சாக இருக்கலாம், மகனுக்கு ஊரிலேயே ஒரு வேலையாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதற்கு 17 கூறுகளில் இடமில்லை.