பைப்பு எங்க போகுதுன்னு யாரைக் கேக்குறது?

கரண்டு கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், தண்ணி பைப்பு எல்லாத்தையும் கம்ப்யூட்டர் மேப்புல ஏத்துறாங்களே, இதெல்லாம் கிராமத்துக்கு எதுக்குன்னு சென்னையில இருக்குற எங்கண்ணன் மகன் கேட்டான். டவுனை விட எங்களுக்குத்தான் அதிகம் தேவைன்னு நான் சொல்வேன். 2008ல வந்த மின்சாரச் சீரமைப்புத் திட்டம் 30,000 பேருக்கு மேல இருக்குற ஊர்களுக்குத்தான். அங்க லைனெல்லாம் மேப்புல ஏற ஆரம்பிச்சப்ப எங்களை மாதிரி ஊரு கணக்குலயே வரலை.

என் நிலத்தோட எல்லை புலப்படத்துல மீட்டர் கணக்கா இருக்கு. சர்வே நம்பரைத் தட்டினா போன்லயே வருது. அதே நிலத்தை ஒட்டி மண்ணுக்கடியில போற குடிதண்ணி பைப்பு எந்தப் படத்துலயும் இல்ல. அது எங்க டேங்க் ஆபரேட்டர் மனசுல இருக்கு. எங்க வளையுது, எந்த கேட் வால்வை ரோடு போடும்போது மூடிட்டாங்க, பழைய பைப்பும் புது பிவிசியும் எங்க சேருது, எல்லாம் அவருக்கு அத்துப்படி.

போன வருஷம் கேபிள் பதிக்க வந்தவங்க அவரை ஒரு வார்த்தை கேக்காம ஜேசிபியை இறக்கிட்டாங்க. மெயின் பைப்பு போச்சு. நாலு நாள் தெருக்குழாயில சொட்டுத் தண்ணி இல்ல. பொம்பளைங்க குடத்தோட தோட்டத்து மோட்டாரைத் தேடி வந்தாங்க. இத்தனைக்கும், தோண்டுறதுக்கு முன்னாடி பைப்பு, கேபிள்காரங்களுக்குத் தகவல் சொல்றதுக்குன்னே 2023 மார்ச்சுல மத்திய அரசு ஒரு ஆப் விட்டிருக்கு. பேரு 'கால் பிஃபோர் யூ டிக்'. பைப்பு இருக்குறதே பதிவுல இல்லேன்னா அந்த ஆப் யாருக்குத் தகவல் சொல்லும்?

2019ல ஜல் ஜீவன் திட்டம் வந்து ஊருக்கு ஊரு புதுப் பைப்பு போட்டாங்க. குழி திறந்து கிடக்கும்போதே ஆழத்தையும் தூரத்தையும் குறிச்சா பெருசா செலவே இல்ல. மூடிட்டுத் தேடுறதுலதான் காசு போகுது.

இன்னொண்ணு. போன் ஜிபிஎஸ் திறந்த வெளியிலயே நாலஞ்சு மீட்டர் தள்ளிக் காட்டும். கம்பத்துக்கு அது போதும், கண்ணுக்குத் தெரியுதே. புதைஞ்ச பைப்புக்கு எப்படிப் போதும்? சர்வே கல்லு, கோயில் மதில், பள்ளிக்கூடச் சுவர்னு நகராத ஒண்ணுலேருந்து டேப் பிடிச்சு அளந்து, அதையும் மேப்புல ஏத்தணும். ஆபரேட்டரையும் லைன்மேனையும் கூடவே நடக்க வைக்கணும், அதுக்குக் கூலியும் குடுக்கணும். ஒவ்வொரு உடைப்பு சரி பண்ணின பிறகும் மேப்பைத் திருத்தணும். ஒரு பிரதி பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல தொங்கணும்.

மேப்பைப் பொதுவுல வச்சா திருட்டுக் கனெக்‌ஷன் எடுப்பாங்கன்னு ஒருத்தர் சொன்னார். திருட்டுக் கனெக்‌ஷன் எடுக்குறவனுக்கு எதுக்குங்க மேப்பு? அவன் உள்ளூர்க்காரன். வெளியூர்லேருந்து ஜேசிபி ஓட்ட வர்ற பையனுக்குத்தான் வேணும்.

அக்டோபர் 2 கிராம சபையில இதை மனுவா எழுதிக் குடுக்கப் போறேன். ஆபரேட்டர் வேலையை விட்டு நிக்க இன்னும் எட்டு மாசம் இருக்கு.