சட்டத்தரணி நுழைய முடியாத இடத்தில் தொழில்நுட்பம் என்ன செய்யலாம்?

நீதித்துறையை டிஜிட்டல்மயப்படுத்துவது பற்றி நாட்டில் இப்போது நிறையப் பேசப்படுகிறது. காணொளி மூலம் வழக்கு விசாரணை, இணைய வழியில் ஆவணங்களைத் தாக்கல் செய்தல், செயற்கை நுண்ணறிவின் உதவியுடன் சட்ட ஆலோசனை என்று பட்டியல் நீள்கிறது. இவையெல்லாம் நல்ல விடயங்களே. ஆனால் எமது சமூகத்தின் சாதாரணக் குடும்பமொன்று சட்டத்தின் வாசலை முதன்முதலாக மிதிக்கும் இடம் பெரும்பாலும் கொழும்பிலுள்ள பெரிய நீதிமன்றங்கள் அல்ல. அது ஊரிலுள்ள காதி நீதிமன்றம். அந்த இடத்தை இந்தப் பேச்சுக்கள் எட்டுகின்றனவா என்பதே கேள்வி.

1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 74 ஆவது பிரிவின்படி, காதியின் முன்னிலையில் சட்டத்தரணி எவரும் தோன்றி வாதாட முடியாது. குடும்பப் பிணக்குகள் செலவின்றி, இழுபறியின்றி, ஊருக்குள்ளேயே பேசித் தீர்க்கப்பட வேண்டும் என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். நடைமுறையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வசதியுள்ள கணவன் வெளியில் ஒரு சட்டத்தரணியைச் சந்தித்து, என்ன பேச வேண்டும், எந்தத் தாளில் கையொப்பமிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டு வந்து உட்காருகிறான். தாபரிப்புக் கேட்டு வரும் பெண் வாப்பாவையோ நானாவையோ கூட்டிக்கொண்டு வருகிறாள். அவர்களுக்கும் சட்டம் தெரியாது. சட்டத்தரணி இல்லாத மன்றத்தில் தகவல் தெரிந்தவரே பலசாலி. ஆகவே சட்டத் தகவலைக் கையில் சேர்க்கும் தொழில்நுட்பம் வேறெங்கும் விட காதி நீதிமன்றத்தில்தான் அதிக பயனைத் தரும்.

எளிய கருவிகளே முதலில் தேவை

தொழில்நுட்பம் என்றவுடன் செலவு மிகுந்த மென்பொருட்களை நினைக்க வேண்டியதில்லை. பல காதிமாருக்கு முறையான கட்டடம் இல்லை. வார இறுதியில் பாடசாலையிலோ பள்ளிவாசல் மண்டபத்திலோ வீட்டிலோ அமர்வு நடத்துகிறார்கள். கொடுப்பனவும் சொற்பம். எழுதுவினைஞர் கூட இல்லாத இடங்கள் உள்ளன. அப்படியான மன்றத்துக்குப் பெரிய கணினி முறைமையைக் கொண்டுபோய் வைத்தால் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும். கையடக்கத் தொலைபேசியோ அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதை வைத்தே மூன்று காரியங்களைச் செய்யலாம்.

முதலாவது, வழக்குத் தவணை. இன்று அமர்வு இல்லை என்பதை வாசலில் வந்து நின்ற பிறகே பலர் அறிகிறார்கள். அன்றாடம் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அது ஒரு நாள் சம்பளமும் பஸ் கட்டணமும். வழக்கு இலக்கத்தையும் அடுத்த தவணையையும் தமிழில் ஒரு குறுஞ்செய்தியாக அனுப்புவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

இரண்டாவது, தாபரிப்புப் பணம். காதி தீர்ப்பளித்த தொகையைக் கணவன் செலுத்தத் தவறினால், அதனை அறவிடுவதற்கு விடயம் நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படலாம். அங்கே முதலில் எழும் கேள்வி, எத்தனை மாதம் பாக்கி என்பதுதான். "நான் கையில் கொடுத்தேன்" என்று அவன் சொல்வான், "தரவில்லை" என்று அவள் சொல்வாள். பணம் நேரடியாக மனைவியின் வங்கிக் கணக்குக்கு மாற்றப்பட்டால் அந்தத் தகராறுக்கே இடமில்லை. ஒவ்வொரு மாதமும் வங்கியின் பதிவே சாட்சி சொல்லும். பணத்தை வாங்குவதற்காக இடையில் ஒருவரைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. நேர்மையாகச் செலுத்தும் கணவனுக்கும் இது பாதுகாப்பு.

மூன்றாவது, பதிவேடு. காதி மாறும்போது கோப்புகளும் சிதறிப் போவதாக முறைப்பாடுகள் கேட்கின்றன. ஒரு பஸஹ் வழக்கின் தீர்ப்புப் பிரதி காணாமல் போனால், மறுமணம் செய்ய நினைக்கும் பெண் பல வருடங்கள் நடுத்தெருவில் நிற்க நேரிடும். கோப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து பாதுகாப்பான ஓரிடத்தில் வைப்பது சாதாரண அலுவலக வேலை. பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களின் பிரதிகளை இணையம் வழியாகக் கோரும் வசதியைப் பதிவாளர் நாயகம் திணைக்களம் ஏற்கனவே வழங்குகிறது. காதி மன்றத் தீர்ப்புகளுக்கு மட்டும் அது ஏன் முடியாது?

இதற்கு முன்னுதாரணங்களும் உண்டு. மலேசியாவின் ஷரீஆ நீதிமன்றங்கள் வழக்கு முகாமைத்துவத்துக்காக ‘இ-ஷரீஆ’ என்ற முறைமையைப் பல வருடங்களாகப் பயன்படுத்துகின்றன. சிங்கப்பூரின் ஷரீஆ நீதிமன்றமும் விண்ணப்பங்களை இணையம் வழியாக ஏற்கிறது. அங்கெல்லாம் மார்க்கமும் தொழில்நுட்பமும் மோதிக்கொள்ளவில்லை.

வட்ஸ்அப் தலாக்கும் வட்ஸ்அப் சாட்சியமும்

கைத்தொலைபேசி குடும்பங்களுக்குள் புதிய பிரச்சினைகளையும் கொண்டு வந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஒரு குரல் பதிவு வருகிறது, "உன்னைத் தலாக் சொல்லிவிட்டேன்" என்று. அந்தப் பெண் அதைக் கேட்டவுடன் பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விடுகிறாள். தாபரிப்பு, மஹர், கைக்கூலி எதையும் கேட்பதில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைக்கிறாள்.

எமது சட்டம் வகுத்துள்ள நடைமுறை வேறு. அதன் இரண்டாவது அட்டவணைப்படி, தலாக் சொல்ல விரும்பும் கணவன் முதலில் தனது எண்ணத்தைக் காதிக்கு அறிவிக்க வேண்டும். உறவினர், ஊர்ப் பெரியவர்களின் உதவியுடன் காதி இருவரையும் சமாதானப்படுத்த முயல வேண்டும். 30 நாட்களுக்குள் அது கைகூடாவிட்டால்தான் காதியின் முன்னிலையில், இரு சாட்சிகளுடன் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். மார்க்கத் தீர்ப்பு என்ன என்பதை உலமாக்களிடம் கேட்க வேண்டும். ஆனால் சட்டப்படியான உரிமைகளை ஒரு குரல் பதிவு அழித்துவிடாது என்ற செய்தி அந்தப் பெண்ணின் தொலைபேசியை அதே வேகத்தில் எட்ட வேண்டும். மூன்று நிமிடத் தமிழ் ஒலிப்பதிவு ஒன்று போதும். வாசிக்கத் தெரியாத உம்மாமாரும் அதைக் கேட்பார்கள்.

அந்தக் குரல் பதிவே சாட்சியமாகவும் பயன்படலாம். 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டமும், 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும் ஒலிப்பதிவுகளையும் மின்னணு ஆவணங்களையும் நிபந்தனைகளுடன் சாட்சியமாக ஏற்க வழி செய்துள்ளன. ஆகவே கோபத்தில் செய்தியை அழித்துவிடக் கூடாது. ஸ்கிரீன்ஷொட் மட்டும் போதும் என்றிருக்காமல், செய்தி வந்த தொலைபேசியையே பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் அதைப் பகிர்வதோ வழக்குக்கும் கேடு, குடும்ப மானத்துக்கும் கேடு.

மொழி என்ற மதில்

காதி நீதிமன்றத்துக்கு வெளியே வந்தால் எமது மிகப் பெரிய தடை மொழி. இலங்கை முஸ்லிம்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வடக்கு, கிழக்குக்கு வெளியே வாழ்கிறார்கள். அங்குள்ள நீதிமன்றங்களின் அலுவல் மொழி சிங்களம். அழைப்பாணை சிங்களத்தில் வருகிறது. பொலிஸில் கொடுத்த வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுகிறது. விளங்காமலே கையொப்பமிட்டவர்கள் எத்தனையோ பேர்.

அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரை இதற்கு ஒரு பரிகாரத்தைத் தருகிறது. நீதிமன்றத்தின் மொழி தெரியாத தரப்பினர், அரச செலவில் தமது மொழிக்கு மொழிபெயர்ப்பைப் பெற உரித்துடையவர்கள். கேட்டால்தான் கிடைக்கும். கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

மொழிபெயர்ப்புச் செயலிகள் இங்கே ஓரளவு கைகொடுக்கும். அழைப்பாணையைப் படம் பிடித்தால் எந்த நீதிமன்றம், எந்தத் திகதி, எந்த விடயம் என்பதையாவது அறியலாம். அதற்கு மேல் அவற்றை நம்பக் கூடாது. சொற்களுக்குத் தவறாகப் பொருள் கொள்வதன் விலை என்னவென்று எமது சமூகத்துக்குத் தெரியும். தமிழில் கவிதை எழுதிய அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். அவரது ‘நவரசம்’ நூல் தீவிரவாதத்தைத் தூண்டுவதாகக் குற்றம் சாட்டப்பட்டது. ஒன்றரை வருடங்களுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டு, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டார். கவிதையின் உவமையை மனிதர்களே பிழையாக வாசித்த நாட்டில், வாக்குமூலத்தின் மொழிபெயர்ப்பை இயந்திரத்திடம் மட்டும் ஒப்படைப்பது ஆபத்து. தகுதியான உரைபெயர்ப்பாளருக்கு இயந்திரம் துணையாக இருக்கலாம், அவரது இடத்தைப் பிடிக்கக் கூடாது.

அண்டை நாடான இந்தியாவின் உச்ச நீதிமன்றம் இந்த வழியையே எடுத்துள்ளது. தீர்ப்புகளைத் தமிழ் உட்பட உள்ளூர் மொழிகளுக்கு மாற்ற மென்பொருளைப் பயன்படுத்தினாலும் மனிதர்களே அவற்றைச் சரிபார்க்கிறார்கள். எமது உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தளத்தில் கிடைக்கின்றன, ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில். முக்கியமான அடிப்படை உரிமைத் தீர்ப்புகளின் சுருக்கமாவது தமிழிலும் சிங்களத்திலும் வர வேண்டும்.

செயற்கை நுண்ணறிவிடம் ‘பத்வா’ கேட்கலாமா?

இன்று இளைஞர்கள் சட்டக் கேள்விகளையும் செட்ஜிபிடியிடம் கேட்கிறார்கள். பதில் சரளமாக வருவதால் சரியாக இருக்கும் என்று நம்புகிறார்கள். 2023 இல் நியூயோர்க்கில் இரு சட்டத்தரணிகள் அது உருவாக்கிக் கொடுத்த, இல்லாத வழக்குகளை மேற்கோள் காட்டி 5,000 டொலர் அபராதத்துக்கு உள்ளானார்கள். சட்டம் படித்தவர்களே ஏமாந்த இடத்தில் சாதாரண மக்களின் நிலை என்ன? இலங்கையின் முஸ்லிம் தனியார் சட்டம் பற்றித் தமிழில் இணையத்தில் இருப்பது மிகக் குறைவு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல், இந்திய முஸ்லிம் சட்டத்தையோ வேறு நாட்டுச் சட்டத்தையோ கலந்து அது பதில் தந்தால் கேட்பவருக்கு விளங்கப் போவதில்லை.

ஒரு விடயம் போதும். அடிப்படை உரிமை மீறலுக்கு எதிராக உயர் நீதிமன்றம் செல்வதற்கு அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரை தரும் அவகாசம் ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேர்க்கப்படாது. தவறான பதிலை நம்பி அந்தக் காலம் கடந்துவிட்டால் உரிமையைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

யார் செய்வது?

காதி முறைமை தொடர வேண்டுமா, எவ்வாறு சீர்திருத்தப்பட வேண்டும் என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் நியமிக்கப்பட்ட குழு 2018 இல்தான் அறிக்கையைக் கையளித்தது. அதன் பின்னரும் இழுபறி தொடர்கிறது. தொழில்நுட்பம் அந்த விவாதத்துக்குப் பதிலாகாது. சட்டமோ தீர்ப்பளிப்பவரோ அநீதியாக நடந்தால், கணினி அந்த அநீதியை வேகப்படுத்தும், அவ்வளவுதான். ஆனாலும் எந்தத் தரப்பில் நிற்பவருக்கும் உண்மையான தரவுகள் வேண்டும். வருடத்துக்கு எத்தனை தாபரிப்பு வழக்குகள், எத்தனை முடிவுற்றன, சராசரியாக எத்தனை மாதங்கள் என்பவை ஒழுங்காகப் பதியப்பட்டு வெளியிடப்பட்டால் விவாதம் ஊகங்களை விட்டு நகரும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இவற்றை யாரும் தமிழிலேயே கேட்கலாம். காதிகளை நியமிக்கும் நீதிச்சேவை ஆணைக்குழுவிடமே கேட்கலாம்.

கொரோனா காலத்தில், 2021 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் தொலைத்தொடர்பு வழியாக நீதிமன்ற நடவடிக்கைகளை நடத்த இடமளித்தது. முடியும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. கொழும்பை மையமாகக் கொண்ட காதிகள் சபையின் மேன்முறையீடுகளைப் பொத்துவிலிலும் முசலியிலும் இருப்பவர்கள் காணொளியில் எதிர்கொள்ள வழி செய்தால், எத்தனை பெண்களின் இரவுப் பயணம் மிச்சமாகும்!

சமூகமும் சும்மா இருக்க முடியாது. ஒவ்வொரு பெரிய பள்ளிவாசலிலும் வாரத்தில் ஒரு மாலை, ஒரு கணினி, அச்சியந்திரம், சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர், அவருடன் ஒரு பெண் உதவியாளர். காணொளியில் அனுபவமுள்ள ஒரு சட்டத்தரணி. இந்தியாவில் ‘டெலி-லோ’ திட்டம் 2017 முதல் கிராமத்துச் சேவை நிலையங்களையும் சட்டத்தரணிகளையும் இப்படித்தான் இணைக்கிறது. வருபவரின் குடும்ப விபரங்கள் வெளியே கசியக் கூடாது என்ற அமானிதத்தை மட்டும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வறியவர்களை அங்கிருந்தே சட்ட உதவி ஆணைக்குழுவின் அருகிலுள்ள அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கலாம். 74 ஆவது பிரிவு காதியின் முன்னால் சட்டத்தரணி தோன்றுவதைத்தான் தடுக்கிறது. முதல் நாள் மாலையில் ஒரு பெண் தனது உரிமைகளைக் கேட்டறிந்துகொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

பள்ளிவாசல்களுக்குக் குளிரூட்டி வாங்க நிதி திரட்டும் எமது நிர்வாகங்களுக்கு, அதில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குவது பாரமான காரியமல்ல. அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதையும் ஒரு விடயமாகச் சேர்த்துக்கொள்ளட்டும்.