நம்மைப் பற்றி எழுதுபவர் யார்?



ஞாயிற்றுக்கிழமை திரிங்காப் கடைத்தெருவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். காய்கறித் தோட்டங்களிலும் தேயிலை மலைகளிலும் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சாமான் வாங்கவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் அன்றுதான் இறங்கி வருவார்கள். வங்காளதேசிகள், இந்தோனேசியர்கள், அவர்களோடு நேப்பாளிகள். நம் பாட்டிமார் கூடை சுமந்து கொழுந்து எடுத்த சரிவுகளில் இன்று இவர்கள் நிற்கிறார்கள். "நம்ம வேலையைப் பிடுங்க வந்தவனுங்க" என்று நம்மில் சிலர் பேசுவதும் காதில் விழுகிறது.

உங்களிடம் ஒரு கேள்வி. அந்த நேப்பாளி இளைஞனின் தாய்மொழி என்ன?

"நேப்பாளி மொழிதான், வேறென்ன?" என்பீர்கள். அது தவறாக இருக்கலாம். நேப்பாளத்தின் 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 124 தாய்மொழிகள் பதிவாகியுள்ளன. நேப்பாளி மொழியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 100க்குச் சுமார் 45 பேர்தான். பாதிகூட இல்லை! அந்த இளைஞன் தாமாங் இனத்தவனாக இருக்கலாம். ராய், லிம்பு, மகர், குருங் இனத்தவனாக இருக்கலாம். இந்துவாக இருக்கலாம், பௌத்தனாக இருக்கலாம், கிராத் என்னும் தங்கள் சொந்தச் சமயத்தைப் பின்பற்றுபவனாகவும் இருக்கலாம். நாம் "நேப்பாளி" என்ற ஒரே சொல்லில் அவனை முடித்துவிடுகிறோம். இந்த நாட்டுப் பாரங்களில் "இந்தியர்" என்ற ஒரே சொல்லில் தமிழர், தெலுங்கர், மலையாளி, சீக்கியர் எல்லாரையும் முடித்துவிடுவது போலத்தான் இதுவும்.

அந்த 124 என்ற எண்ணுக்குப் பின்னால் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

நேப்பாளத்தில் 1952/54 கணக்கெடுப்பில் 44 மொழிகள் பதிவாயின. 1981இல் அது 18 ஆகக் குறைந்தது. 1991இல் 31. 2001இல் 92. 2011இல் 123. முப்பது ஆண்டுகளில் 26 மொழிகள் செத்துப்போய், பின்பு நாற்பது ஆண்டுகளில் நூறு மொழிகள் புதிதாகப் பிறந்தனவா? இல்லை. பேசியவர்கள் என்றும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். எழுதுகிறவன்தான் எழுதவில்லை!

1960 முதல் 1990 வரை நடந்த பஞ்சாயத்து ஆட்சியில் அரசர் அரசு "ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே உடை" என்ற கொள்கையை வைத்திருந்தது. பள்ளியிலும் அலுவலகத்திலும் நேப்பாளி மொழி மட்டும்தான். 1990இல் மக்கள் கிளர்ச்சிக்குப் பிறகு நிலைமை மாறியது. சிறுபான்மை இனத்தவர் சங்கம் அமைத்தார்கள். 1991இல் பல இனச் சங்கங்கள் ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பு உண்டாக்கின. அவர்களுக்குள்ளேயே படித்தவர்கள் தங்கள் மொழியையும் சடங்கையும் வரலாற்றையும் ஆராய்ந்து எழுதினார்கள். கணக்கெடுப்புக்காரர் வீட்டுக்கு வந்தால் தாய்மொழியைச் சரியாகச் சொல்லுங்கள் என்று ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்தார்கள். அதன் பலன்தான் அந்த எண்கள்.

அதற்கு முன்பு அவர்களைப் பற்றி எழுதியவர்கள் யார்? 1843 வரை காத்மாண்டுவில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த பிரையன் ஹாட்ஜ்சன் அங்கிருந்த பழைய பௌத்தச் சுவடிகளைச் சேகரித்துக் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் அனுப்பினார். ஐரோப்பாவில் பௌத்த ஆராய்ச்சி வளர்ந்ததற்கு அந்தச் சுவடிகள் முக்கியக் காரணம். ஹாட்ஜ்சனுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தவர் பாட்டன் நகரத்து நேவார் பண்டிதர் அமிர்தானந்தர். ஹாட்ஜ்சன் பெயர் உலகறிந்தது. அமிர்தானந்தர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? பிறகு வந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளும் கூர்க்கா இனங்களைப் பற்றிக் கையேடுகள் எழுதினார்கள். எந்த இனத்தான் நல்ல சிப்பாய் ஆவான் என்று தெரிந்து ஆள் பிடிப்பதற்காக!

நம் கதையும் அதேதான். 1915இல் கொழும்பில் "கூலித் தமிழ்" என்ற பெயரில் ஒரு புத்தகம் வெளிவந்தது. தோட்டத் துரைமார்கள் நம்மவர்களை வேலை வாங்குவதற்குத் தமிழ் கற்றுக்கொடுக்கும் புத்தகம் அது. நம் பேச்சு அச்சில் ஏறியது நம்மை அறிவதற்காக அல்ல, நமக்கு உத்தரவு போடுவதற்காக.

இன்னொரு தேயிலை மலையையும் பாருங்கள். 1850களிலிருந்து வெள்ளைக்காரர் டார்ஜிலிங்கில் தேயிலைத் தோட்டம் போட்டபோது, கிழக்கு நேப்பாளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து கொழுந்து எடுத்தார்கள். நம் கங்காணிக் கதையின் மறுபக்கம் போலவே இருக்கிறது அல்லவா? அந்த மலையில் 1924இல் சூர்யவிக்ரம் ஞவாலி, தரணீதர் கொய்ராலா, பாரஸ்மணி பிரதான் ஆகிய மூவர் முன்னின்று நேப்பாளி இலக்கிய சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். மொழியை ஆராய்ந்தார்கள், பிள்ளைகளுக்குப் பாடநூல் எழுதினார்கள். 1961இல் மேற்கு வங்காள அரசு டார்ஜிலிங் மலைப்பகுதியில் நேப்பாளியை ஆட்சிமொழியாக ஏற்றது. 1992இல் அது இந்திய அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில், தமிழும் இருக்கும் அதே பட்டியலில், இடம் பெற்றது. தேயிலை மலையிலிருந்து எழுந்த குரல் டில்லி வரை போய்ச் சேர 68 ஆண்டுகள் ஆயின. கையில் எழுத்து இருந்ததால் அவர்கள் கேட்டதற்கு ஆதாரமும் இருந்தது.

எழுதிவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. காத்மாண்டு நகராட்சி நேவார் மக்களின் மொழியையும் அலுவலில் பயன்படுத்த முற்பட்டபோது, 1999 ஜூன் 1ஆம் நாள் நேப்பாள உச்ச நீதிமன்றம் அது கூடாதென்று தீர்ப்பளித்தது. 2015ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் எல்லாத் தாய்மொழிகளும் நாட்டின் மொழிகளே என்கிறது, தாய்மொழிக் கல்விக்கும் உரிமை தருகிறது. ஆனாலும் பெரும்பாலான பள்ளிகளில் பாடம் இன்னும் நேப்பாளியிலோ ஆங்கிலத்திலோதான் நடக்கிறது. சட்டம் வேறு, வகுப்பறை வேறு. இதை நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். மலேசியத் தோட்டத் தமிழர்களைப் பற்றி ஆராய்ச்சியே இல்லையா? இருக்கிறது. ரவீந்திர ஜெயின் 1960களில் ஒரு ரப்பர் தோட்டத்தில் தங்கி ஆராய்ந்து 1970இல் நூல் வெளியிட்டார். சின்னப்பா அரசரத்தினம் அதே ஆண்டில் இந்நாட்டு இந்தியர் வரலாற்றை எழுதினார். தோட்டப் பள்ளிக்கூடம் தொழிலாளி பிள்ளையை மறுபடியும் தொழிலாளியாகவே ஆக்குகிறது என்பதை மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தி. மாரிமுத்து எடுத்துக்காட்டினார். இவையெல்லாம் ஆங்கிலத்தில் வந்தவை. உங்களில் எத்தனை பேர் இவற்றைக் கையில் தொட்டிருக்கிறீர்கள்? யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்கள் படிக்க முடியாத இடத்தில் அந்தப் புத்தகங்கள் இருக்கின்றன. அந்த அறிஞர்களை நாம் குறை சொல்லவில்லை. அவர்கள் எழுதாமல் இருந்திருந்தால் அதுவும் இருந்திராது. ஆனால் நம் பங்கு எங்கே?

1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530. மூடப்பட்ட ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு பதிவுப் புத்தகம் இருந்தது. எந்தப் பிள்ளை எந்த ஆண்டு சேர்ந்தது, தகப்பன் பெயர் என்ன, எந்த லயம் என்று எழுதிய புத்தகம். அவற்றில் எத்தனை பத்திரமாக இருக்கின்றன? குடியுரிமைக்கும் பிறப்புப் பத்திரத்துக்கும் அலைகிறவர்களுக்குத் தெரியும், ஒரு பழைய தாளின் விலை என்னவென்று. மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறோம் என்று வாயால் சொன்னால் எந்த முகப்பிடத்திலும் ஏற்க மாட்டார்கள்.

ஆகவே உங்களிடம் நாம் கேட்பது நான்குதான்.

முதலாவது, வீட்டில் இருக்கும் பழைய தாள்களை எறியாதீர்கள். சம்பளச் சீட்டு, பள்ளி ரிப்போர்ட், கோயில் திருவிழா நோட்டீசு, சங்கச் சந்தா ரசீது, பழைய அடையாள அட்டை எதுவானாலும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

இரண்டாவது, தாத்தா பாட்டி உயிரோடு இருக்கும்போதே அவர்களைப் பேசவிட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எந்த ஊரிலிருந்து யார் வந்தது, கோயிலை யார் கட்டியது, பள்ளிக்கூடம் முதலில் எங்கே நடந்தது என்று பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பல்கலைக்கழகத்திலிருந்து கேள்வித்தாளோடு யாராவது லயத்துக்கு வந்தால் மரியாதையாக உட்கார வைத்துப் பதில் சொல்லுங்கள். கூடவே நீங்களும் கேளுங்கள்: "எழுதி முடித்ததும் எங்களுக்கு ஒரு பிரதி வருமா? தமிழில் வருமா?" கேட்பது உங்கள் உரிமை.

நான்காவது, அந்த நேப்பாளி இளைஞனிடம் ஒரு நாள் பேசிப் பாருங்கள். உன் வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று கேளுங்கள். நம் நவராத்திரி சமயத்தில்தான் அவன் ஊரில் தசைன் வரும். நம் தீபாவளியை ஒட்டித்தான் திகார் வரும். அதில் காகத்துக்கும் நாய்க்கும்கூடப் பூசை உண்டு. எல்லா நேப்பாளியும் அவற்றைக் கொண்டாடுவதில்லை. அதையும் அவனே சொல்லட்டும். குறைந்த சம்பளத்துக்கு அவனை வைத்துக்கொண்டு லாபம் பார்க்கிறவன் அவன் அல்ல. கடன் வாங்கி ஏஜெண்டுக்குப் பணம் கட்டிக் கடல் தாண்டி வந்தவன் அவன். நம் பாட்டனும் கங்காணியிடம் கடன்பட்டுக் கப்பல் ஏறினவர்தான். நம்மை வந்தேறி என்று சொன்னபோது எவ்வளவு வலித்தது? அந்தச் சொல்லை நாம் இன்னொருவர் மேல் வீசலாமா?

யோசியுங்கள். இந்த வாரமே அந்தத் தகரப் பெட்டியைத் தேடி எடுங்கள்.