பழைய கம்ப்யூட்டரா? புதிய கம்ப்யூட்டரா?



மலருக்குக் கட்டுரை கேட்டபோது "மாணவர் சக்தி", "நாளைய பாரதம்" என்று ஏதாவது எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் நம் கல்லூரியில் இருக்கிறார்கள். நான் அடிபட்டுக் கற்றுக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. அதையே எழுதுகிறேன். வீடியோ எடிட்டிங் செய்ய ஆசைப்படும் நம்மைப் போன்ற மாணவன் பழைய கம்ப்யூட்டரையே சரிசெய்து ஓட்டலாமா, அல்லது கடன் வாங்கியாவது புதிது வாங்க வேண்டுமா? கேன்டீனில் இந்த விவாதம் நடக்காத நாளே இல்லை. புதிய கட்சிக்குத்தான் எப்போதும் கூட்டம் அதிகம்! நான் பழைய கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீடு பள்ளிபாளையம் பக்கம். அப்பா விசைத்தறியில் கூலிக்கு நெய்கிறார். அம்மா தார் சுற்றுகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். விடுமுறை நாட்களில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறேன். மாதம் இரண்டு வேலை வரும். ஒன்றுக்கு இரண்டாயிரம் ரூபாய்.

என் கம்ப்யூட்டர் ஏதோ ஓர் அலுவலகத்தில் உழைத்து ஓய்வு பெற்றது. ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். 2013-ல் வந்த இன்டெல் ஐ5 நான்காம் தலைமுறை பிராசசர், 4 ஜி.பி. ராம், ஒரு ஹார்டு டிஸ்க். முதல் கல்யாணத்தை அதில் போட்டதுமே வண்டவாளம் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை தாலியை எடுப்பார், எடுத்தபடியே நிற்பார். கெட்டிமேளம் மட்டும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்! ஸ்டுடியோ அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இதைக் கொண்டுபோய் மியூசியத்துல வைடா. புதுசு ஒண்ணு வாங்கு" என்றார். விலை விசாரித்தேன். ஐம்பத்தெட்டாயிரம்!

வீட்டில் சொன்னேன். அம்மா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "குழுவுல ஐம்பதாயிரம் லோன் தர்றாங்க கண்ணு. நீ படிச்ச புள்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

நண்பர்களே, அந்த வார்த்தைதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. படித்த குடும்பமாக இருந்தால் அப்பாவோ மாமாவோ "எதுக்குடா இவ்வளவு? அந்தப் பெட்டியில என்ன குறை?" என்று குறுக்கே கேட்பார்கள். எங்கள் வீட்டில் கேட்க ஆளில்லை. நான் சொல்வதுதான் முடிவு. நான் தப்பாகச் சொன்னாலும் அதுதான் முடிவு!

பெரிய செலவுக்குப் பயந்து ஒரு சின்ன செலவில் தப்பிக்கப் பார்த்தேன். "எடிட்டிங்குக்குக் கிராபிக்ஸ் கார்டுதான் முக்கியம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கையிலிருந்த நாலாயிரத்து ஐந்நூறு ரூபாயைக் கொடுத்துப் பழைய கார்டு ஒன்றை வாங்கி வந்தேன். என்னுடையது ஒல்லியான ஆபீஸ் கேபினெட். கார்டு அதற்குள் நுழையவே இல்லை. நுழைந்திருந்தாலும் பயனில்லை, அந்தக் கார்டுக்கு மின்சாரம் கொடுக்கும் ஒயர் என் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கிடையாது. கடைக்காரர் "வித்தது வித்ததுதான் தம்பி" என்று சொல்லிவிட்டார். மெக்கானிக்கல் படிக்கும் நான் அளந்து பார்க்காமல் பொருள் வாங்கியிருக்கிறேன்! வெர்னியர் காலிப்பர் பிடித்த கை வெட்கப்பட வேண்டாமா?

அன்று இரவு அப்பாதான் கேட்டார். "தறி நின்னு போச்சுன்னா நாங்க என்னடா பண்ணுவோம்? மொதல்ல எந்த இழை அறுந்திருக்குன்னு பார்ப்போம். அதைப் புடிச்சு முடிச்சுப் போட்டா ஓடும். அறுந்த எடத்தைப் பார்க்காம தறியையே மாத்துவாங்களா?"

கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத அப்பா சொன்ன இந்த ஒரு வார்த்தை, நான் கேட்ட எல்லா யோசனைகளையும்விடப் பெரிதாக இருந்தது. மறுநாள் எடிட்டிங் ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கே இழை அறுகிறது?

முதல் இழை உடனே தெரிந்தது. ராம் முழுவதும் நிரம்பிவிட்டது, ஹார்டு டிஸ்க் நூறு சதவீதத்தில் தவிக்கிறது. ராமில் இடம் போதாவிட்டால் கம்ப்யூட்டர் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி வைத்து, தேவைப்படும்போது எடுத்துப் படிக்கிறது. எழுதி எழுதிப் படிப்பதிலேயே நேரம் போகிறது. ராமை 16 ஜி.பி. ஆக்கினேன், ஒரு எஸ்.எஸ்.டி. போட்டேன். பழைய ராம் என்பதால் இரண்டும் சேர்ந்து ஐயாயிரத்துக்குள் முடிந்தது. சாஃப்ட்வேர் திறக்கும் நேரம் எங்கேயோ குறைந்துவிட்டது. பழைய கேமராவில் எடுத்த கல்யாணங்கள் தண்ணீராக ஓடின.

இங்கே ஒரு கணக்கு சொல்ல வேண்டும். "ஹார்டு டிஸ்க் ஸ்லோ, அதனாலதான் வீடியோ நிக்குது" என்று பலர் சொல்கிறார்கள். கேமரா வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால், எட்டால் வகுக்க, 12.5 மெகாபைட்தான். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகிறது. நல்ல நிலையில் உள்ள ஹார்டு டிஸ்க் தொடர்ச்சியான ஃபைலை வினாடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் படிக்கும். எனவே ஒரு கேமராவின் படத்தை ஓட்ட அதுவே தாராளம். எஸ்.எஸ்.டி. நல்லதுதான், ஆனால் எல்லா நோய்க்கும் அதுவே மருந்து அல்ல.

அது எனக்கு விரைவிலேயே புரிந்தது. ஸ்டுடியோவில் புது கேமரா வாங்கினார்கள். அதன் 4கே படத்தைப் போட்டதும் மாப்பிள்ளை மறுபடியும் நின்றுவிட்டார்! மானிட்டரைப் பார்த்தேன். ராமில் இடம் இருக்கிறது, டிஸ்க் சும்மா இருக்கிறது, பிராசசர் மட்டும் நூறு சதவீதத்தில் மூச்சு வாங்குகிறது. இரண்டாவது இழை இதுதான்.

காரணம் என்ன? கேமரா ஒவ்வொரு படத்தையும் முழுதாக எழுதுவதில்லை. ஒரு முழுப் படம், அதன்பிறகு மாறிய பகுதிகள் மட்டும் என்று எழுதுகிறது. ஒருவன் முதல் பக்கத்தில் முழு நோட்ஸ் எழுதிவிட்டு, அடுத்த பக்கங்களில் "முந்தைய பக்கத்தில் இந்த வரியை மட்டும் மாற்றிக்கொள்" என்று எழுதினால் எப்படி இருக்கும்? நோட்டு சின்னதாகும், ஆனால் இருபதாம் பக்கத்தைப் படிக்க ஒன்றாம் பக்கத்திலிருந்து வர வேண்டும். எடிட் செய்யும் நாமோ அங்கும் இங்கும் தாவிக்கொண்டே இருக்கிறோம். 2003-ல் வந்த ஹெச்.264 முறையைப் பிரிக்க என் பிராசசரிலேயே தனிச் சுற்று உண்டு. புது கேமரா எழுதுவது 2013-ல் வந்த, இன்னும் இறுக்கமாகச் சுருக்கும் ஹெச்.265. அதை முழுமையாகப் பிரிக்கும் சுற்று இன்டெலில் 2015-ன் ஆறாம் தலைமுறையில்தான் வந்தது. அதிலேயே 10-பிட் வகைக்கு ஏழாம் தலைமுறை வேண்டும். என்னுடையதோ நான்கு! இந்த இழையை எத்தனை ராம் போட்டாலும் முடிச்சுப் போட முடியாது. பொருத்தமான கிராபிக்ஸ் கார்டு இந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். அந்தக் கார்டு வாங்கிய கதையைத்தான் சொல்லிவிட்டேனே!

அப்படியானால் புதிது வாங்கித்தான் ஆக வேண்டுமா? அதற்கும் முன் ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் ப்ராக்ஸி. ஒரு 4கே படத்தில் 3840 பெருக்கல் 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். அதையே 1280-க்கு 720 அளவில் ஒரு நகல் எடுத்தால் 9,21,600 புள்ளிகள். சரியாக ஒன்பதில் ஒரு பங்கு! வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் நகலில், கடைசியில் வெளியே எடுப்பது மட்டும் அசலிலிருந்து. கேடென்லைவ், ஷாட்கட் போன்ற இலவச சாஃப்ட்வேர்களே இதைச் செய்கின்றன. ராத்திரி நகல் எடுக்கப் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயார்.

இது ஏழைக்கான குறுக்கு வழி என்று நினைத்துவிடாதீர்கள். 1996-ல் வந்த 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' படத்தை வால்டர் மர்ச் அவிட் என்ற கம்ப்யூட்டர் கருவியில் எடிட் செய்தார். கம்ப்யூட்டரில் இருந்தது தரம் குறைந்த நகல்தான். அதில் எடுத்த முடிவுப்படிதான் பிறகு அசல் நெகடிவை வெட்டினார்கள். அந்த எடிட்டிங்குக்கு 1997-ல் ஆஸ்கர் விருது கிடைத்தது. எங்கே வெட்டுவது என்று தீர்மானித்தது மர்ச் அவர்களின் கண்தானே!

பழையதன் குறையையும் மறைக்காமல் சொல்கிறேன். கடைசி ரெண்டருக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆகிறது. ஒருமுறை விடியற்காலை மூன்று மணிக்குக் கரண்ட் போய் முதலிலிருந்து ஆரம்பித்தேன். கலர் திருத்தும்போது படம் திக்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கான பட்டியலில் என் பிராசசர் இல்லை. அதனால் லினக்ஸுக்கு மாறினேன். பழக ஒரு மாதம் பிடித்தது. தினமும் இதே வேலை செய்கிறவருக்கு, வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறவருக்கு, நான் பழையதைச் சொல்லமாட்டேன். அவருக்கு நேரம்தான் காசு.

ஆனால் நமக்கு? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழுக் கடனுக்கு வாரம் 1,100 ரூபாய் தவணை, 52 வாரம். மொத்தம் 57,200. ஒரு மாதத்துக்கு நாலாயிரத்து எழுநூறுக்கு மேல். என் எடிட்டிங் வருமானம் மாதம் நாலாயிரம். ஆடி மாதம் கல்யாணம் உண்டா? மார்கழியில் உண்டா? தவணைக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் வந்து நிற்கும். அப்போது அம்மா இன்னும் எத்தனை தார் சுற்ற வேண்டும்? புதிய கம்ப்யூட்டரின் வேகத்தை விளம்பரத்தில் போடுவார்கள். இந்த வேகத்தைப் போடமாட்டார்கள்.

எனவே என் தாழ்மையான கருத்து இதுதான். முதலில் கம்ப்யூட்டர் எங்கே காத்திருக்கிறது என்று பாருங்கள். ராமிலும் டிஸ்க்கிலும் என்றால் சிறு செலவில் தீரும். பிராசசரில் என்றால் ப்ராக்ஸி போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் காத்திருக்கும் மணி நேரத்தால் கைவிட்டுப் போகும் வேலையின் கூலி, தவணையைவிட அதிகமானால் தாராளமாகப் புதிது வாங்குங்கள். அதுவரை யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். சிரிக்கிறவர் தவணை கட்டப் போவதில்லை!

நம் மாணவர் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். நமக்குப் புதிய கம்ப்யூட்டர் தேவைப்படுவது மாதத்தில் சில மணி நேரம், ரெண்டர் செய்யும்போது மட்டும்தான். அதற்காக ஆளுக்கு ஒரு வீடு கடன்பட வேண்டாம். பேரவை சார்பில் பொதுவாக ஒரு நல்ல கம்ப்யூட்டரை வாங்கி வைத்தால், கலைவிழா வீடியோவுக்கும் உதவும், நமக்கும் உதவும்.

அம்மாவிடம் போய் "கையெழுத்து வேண்டாம்மா" என்றேன். "சரி கண்ணு, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். வேண்டும் என்று சொல்லியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். நம் வீடுகளில் நம்மை எதிர்த்துக் கேட்க ஆளில்லை, நண்பர்களே. அதனால் அந்தக் கேள்வியை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நுழையாத அந்தக் கிராபிக்ஸ் கார்டு இன்னமும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. ஆயுத பூஜையன்று அம்மா அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.



— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு