பைன் குச்சி வெளிச்சத்தில் ஒரு குடும்பச் செபம்



கிறிஸ்து பிறப்புக் குடிலின்மேல் பஞ்சைப் பிய்த்து ஒட்டி, அதைப் பனியென்று சொல்லி அழகு பார்க்கிறவர்கள் நாம். நமக்குத் தெரிந்த பனியெல்லாம் மார்கழி விடியலில் புல்லின்மேல் நிற்கும் ஈரந்தான். வீட்டைக் கூரையோடு மூடிவிடும் பனியை நம்மில் பெரும்பாலோர் கண்டதில்லை. அத்தகைய பனிக்குள் நான்கு மாதங்கள் அடைபட்டுக் கிடந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தைப் பற்றி இம்மாதம் எழுத விழைகிறேன். ‘குடும்பச் செபம் சொல்லும் வீட்டைத் தீங்கு அண்டாது’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அச்சொல்லை என்னால் இப்பொழுதெல்லாம் அத்துணை எளிதாகச் சொல்ல முடிவதில்லை. இக்குடும்பத்தின் வரலாறே அதற்குக் காரணம்.

பேட்ரிக் பிரீன் அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய உழவர். அவருடைய மனைவி மார்கரெட். பிள்ளைகள் ஏழு பேர். மூத்தவன் ஜானுக்கு வயது 14, கடைக்குட்டி இசபெல்லாவுக்கு ஒன்று. 1846ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அன்று மெக்சிக்கோவின் ஆட்சியில் இருந்த கலிபோர்னியாவை நோக்கிக் கூண்டு வண்டிகளில் இவர்கள் புறப்பட்டனர். வழியில், பின்னாளில் ‘டானர் குழு’ என்று பெயர் பெற்ற வண்டித்தொடரோடு சேர்ந்துகொண்டனர். குறுக்குவழி என்று யாரோ எழுதி வைத்ததை நம்பிச் சென்றதில் பல வாரங்கள் வீணாயின. அக்டோபர் இறுதியில் சியரா நெவாடா மலையின் கடைசிக் கணவாயை நெருங்கியபோது, வழக்கத்திற்கு முன்னதாகவே பனி கொட்டி வழியை அடைத்துவிட்டது. மலையில் சிக்கியோர் எண்பதுக்கும் மேற்பட்டவர். அவர்களில் பெரும்பகுதியினர் பெண்களும் பிள்ளைகளுமே.

ஏரிக்கரையில் ஒரு மரக்குடில் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவ்வழியே சென்றவர்கள் கட்டியது அது. பிரீன் குடும்பம் அதில் புகுந்துகொண்டது. எருதுகளைக் கொன்று இறைச்சியைப் பனியில் புதைத்து வைத்தனர். நவம்பர் 20 முதல் பேட்ரிக் ஒரு நாட்குறிப்பு எழுதலானார். சிறு தாள்களை மடித்து அவர் எழுதிய அக்குறிப்பு பெர்க்லி நகரிலுள்ள பான்கிராஃப்ட் நூலகத்தில் உள்ளது. காற்று எத்திசை, பனி எத்தனை அடி, யார் இறந்தார், விறகு கிடைத்ததா என்பவையே அதில் பெரும்பாலும் காணப்படுகின்றன. நடுநடுவே ஓரிரு சொற்களில் இறைவனை நோக்கிய கூப்பீடு. டிசம்பர் 23 அன்று, பழைய செபப் புத்தகங்களில் இருந்த முப்பது நாள் மன்றாட்டைத் தொடங்கியதாக எழுதுகிறார். கிறிஸ்து பிறப்பு நாளன்று, காலையில் செபம் ஒப்புக்கொடுத்ததையும், தமக்கு உடல் இயலாமையால் ஜானும் எட்வர்டுமே விறகு கொண்டுவர வேண்டியிருப்பதையும் குறிக்கிறார். இந்த எட்வர்டு, பயணத்தின் நடுவே குதிரையினின்று விழுந்து கால் முறிந்தவன். காலை வெட்டி எடுத்துவிடலாம் என்றபோது அவனும் தாயும் இசையவில்லை. அக்காலோடுதான் அவன் பனியில் விறகு சுமந்தான்.

அதே ஏரிக்கரையில் மார்கரெட் ரீட் என்ற தாய் நான்கு பிள்ளைகளோடு இருந்தாள். வழியில் நிகழ்ந்த சச்சரவு ஒன்றில் ஒருவனைக் கொன்றதற்காக அவள் கணவர் குழுவினின்று விலக்கப்பட்டிருந்தார். ரீட் குடும்பத்தின் எருதுகளோ பாலைவனத்திலேயே போய்விட்டன. ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தருவதாக வாக்களித்துப் பிறரிடம் சில மாடுகளைப் பெற்றாள். அவையும் தீர்ந்தபின், குடிலின் கூரையாகப் போட்டிருந்த மாட்டுத்தோலைக் காய்ச்சிக் குடிக்கும் நிலை வந்தது. பின்னர் அவளையும் பிள்ளைகளையும் பிரீன் குடும்பத்தார் தங்கள் குடிலில் சேர்த்துக்கொண்டனர்.

மூத்த மகள் வர்ஜீனியாவுக்குத் தோல் கஞ்சி வயிற்றில் தங்கவில்லை. அதைக் கண்ட திருமதி பிரீன், யாரும் அறியாமல் சிறு இறைச்சித் துண்டுகளை அவள் கையில் வைப்பாராம். காலையும் மாலையும் அக்குடிலில் உரக்கச் செபம் சொல்லப்பட்டது. விளக்கில்லை, பைன் மரக் குச்சிகளைக் கொளுத்திய வெளிச்சந்தான். செபப் புத்தகம் வாசிக்கும் பேட்ரிக்கின் அருகில் முழந்தாளிட்டு அக்குச்சிகளைப் பிடித்துக்கொண்டிருந்தவள் வர்ஜீனியா. கத்தோலிக்கச் சிறுமி அல்லள் அவள். தந்தையை மீண்டும் காணக் கிடைத்தால் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்வதாக அங்கே ஒரு நேர்ச்சை செய்துகொண்டாள்.

இக்குடும்பத்தைப் புனிதர்களாக்கிக் காட்டுவது என் நோக்கமன்று. பிப்ரவரியில் வந்த முதல் மீட்புக்குழு வர்ஜீனியாவை அழைத்துச் சென்றது; நடக்க இயலாத அவளுடைய தங்கையையும் கடைசித் தம்பியையும் திருப்பிக் கொண்டுவந்து விட்டது. அப்போது பிரீன் குடும்பத்தார் அக்குழந்தைகளை ஏற்கத் தயங்கினர். மிகவும் மன்றாடிய பின்னரே உள்ளே விட்டனர். செபம் சொன்ன அதே குடில்தான். ஏழு பிள்ளைகளின் தாய் எஞ்சிய இறைச்சியைப் பார்த்துவிட்டு வாசலில் நிற்கும் அயலார் பிள்ளைகளைப் பார்க்கும் அக்கணத்தைப் பசி அறியாத நாம் எடைபோடுவது எளிதன்று.

மார்ச் முதல் வாரத்தில் இரண்டாம் மீட்புக்குழு வந்தது. தலைமை தாங்கி வந்தவர் வர்ஜீனியாவின் தந்தை ரீட். முதற்குழுவோடு சென்றுவிட்ட எட்வர்டும் சைமனும் தவிர, பிரீன் குடும்பத்தின் ஏழு பேரும் அவரோடு புறப்பட்டனர். கணவாயைக் கடந்ததும் அந்தக் குளிர்காலத்தின் கொடிய பனிப்புயல் அவர்களை வளைத்துக்கொண்டது. உணவு தீர்ந்தது. ஒரு சிறுவன் இரவிலேயே இறந்தான். புயல் ஓய்ந்ததும், நடக்கக்கூடிய சிலருடன் ரீட் உதவி தேடி முன்னே சென்றார். இனி நடக்க இயலாது என்று பேட்ரிக் அங்கேயே தங்கிவிட்டார். மூட்டிய தீ பனியை உருக்கி உருக்கி ஆழ்ந்த குழியாயிற்று. அக்குழிக்குள் இறங்கித் தரையில் தீயைச் சுற்றிக் கிடந்தனர். திருமதி கிரேவ்ஸ் என்ற தாயும் அவளுடைய ஐந்து வயது மகனும் அங்கே இறந்தனர். உயிரோடிருந்தோர் இறந்தோரின் தசையை உண்டனர் என மீட்கச் சென்றவர்கள் சாட்சி கூறினர். இதை மறைத்து எழுதுவதற்கில்லை. 1972ல் ஆண்டீஸ் மலையில் விமானம் வீழ்ந்து இவ்வாறே பிழைத்த கத்தோலிக்க இளைஞர்கள் பாவம் செய்யவில்லை என்று திருச்சபையின் அறநெறி அறிஞர்கள் கூறியதை நினைவிற்கொள்வோம்.

மலையில் சிக்கியோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டனர். பிரீன் குடும்பத்திலோ ஒன்பது பேரும் பிழைத்தனர். ‘செபம் காத்தது’ என்று இங்கே முற்றுப்புள்ளி வைக்க என் பேனா இசையவில்லை. திருமதி கிரேவ்ஸ் தன் பிள்ளைகளுக்காக மன்றாடாமலா இறந்திருப்பாள்? அவளுடைய மன்றாட்டை இறைவன் தள்ளிவிட்டார் என்று எவர் துணிந்து சொல்வார்? பிரீன் குடும்பத்திடம் இறைச்சி சற்றுக் கூடுதலாக இருந்தது, குடிலும் உறுதியானது. அவை மட்டும் போதா. ஒரு மனிதரும் தேவைப்பட்டார்.

அவர் பெயர் ஜான் ஸ்டார்க். பருத்த உடலும் மிகுந்த வலிமையும் உடையவர். அடுத்து மூவர் அக்குழியை வந்தடைந்தபோது பதினொருவர் உயிரோடிருந்தனர். இத்தனை பேரையும் கொண்டுசெல்ல முடியாது. பிரீன் குடும்பத்தை விட்டுச் செல்வோம் என்ற பேச்சு எழுந்தது. ஸ்டார்க் மறுத்துவிட்டார். மற்ற இருவரும் ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக, எஞ்சிய ஒன்பது பேரையும் அவர் தம் பொறுப்பில் ஏற்றார். இரண்டு பிள்ளைகளைச் சிறிது தூரம் சுமந்து சென்று பனியின்மேல் இறக்கி வைப்பார். திரும்பி வந்து வேறு இருவரைத் தூக்கிச் செல்வார். மீண்டும் திரும்புவார். அப்பொழுது ஐந்து வயதாயிருந்த ஜேம்ஸ் பிரீன், தன் உயிர் அவர் தந்தது என்று பிற்காலத்தில் எழுதிவைத்தான்.

வர்ஜீனியா தன் நேர்ச்சையை நிறைவேற்றிக் கத்தோலிக்கரானாள். 1850ல் அவள் மணந்த ஜான் மர்பி, ஏரிக்கரைக் குடிலைக் கட்டிவிட்டுப் போன அந்த முந்தைய கூட்டத்தோடு வந்த ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தவர். பிரீன் குடும்பத்தார் பிரான்சிஸ்கன் துறவியரின் பழைய மிஷன் கோயில் இருந்த சான் வான் பவுட்டிஸ்ட்டா ஊரில் குடியேறினர். ஊருக்குள் வந்தபோது கையில் ஒன்றுமில்லை. ஓர் அதிகாரி தம் மண்வீட்டை அவர்கள் தங்குவதற்கு விட்டார். பின்னர் அவ்வீட்டையே வாங்கி, பொன் தேடிச் செல்லும் வழிப்போக்கருக்கு அதை விடுதியாகத் திறந்துவைத்தனர். கைக்குழந்தையாகப் பனியைக் கடந்த இசபெல்லா 1935 வரை வாழ்ந்து, அந்த மலையிலிருந்து மீண்டவர்களில் கடைசியாகக் கண் மூடினாள்.